ஜன்னலுக்கு வெளியே நின்று வில் வளைத்தவர்

ஒரு வில்லை வளைக்க முடியாதவன் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இந்த வேஷம் எனக்கு வேண்டாம் என்று கௌரவமாக விலகிக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, வில்லையே அரத்தால் ராவி மெலிய வைத்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆபீஸில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஃபைல் தூக்குவதைத் தேகப்பயிற்சி என்று எண்ணியிருந்த காலம். ராவியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ராவின இடம் தெரியக்கூடாது என்று அதன்மேல் பக்கத்து வீட்டுக்காரரின் பிரவுன் ஷூ பாலிஷை வாங்கிப் பூசினேன். இன்றைக்கும் யாராவது அருகில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டால் எனக்கு வலது கண் துடிக்கிறது.

அந்த வில்லைச் செய்தவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் பிரிவில் இருந்தார். இரும்பில் வார்க்கப் போகிற சாமானை முதலில் மரத்தில் செய்து பார்க்கிற இடம் அது. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. ஐம்பதைத் தாண்டியவர். காக்கி அரை நிஜார், காக்கிச் சட்டை, காதில் தட்டைப் பென்சில், கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. வேலை முடிந்த நேரங்களில் நாடகக்காரர்களுக்கு வில் செய்து கொடுப்பார். ஜிகினா ஒட்டிய அட்டை வில் இல்லை. சடச்சி என்ற மலை மரத்தில் செய்த, நிஜமாகவே வளைகிற வில். நாண் ஏற்றும்போது மெதுவாக முனகும்.

அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

மற்ற விஷயங்களில் அவருக்குப் பயம் என்பதே கிடையாது. ஒருமுறை தேக்குப் பலகை அடுக்குக்குள் நல்ல பாம்பு புகுந்து, அந்தப் பிரிவே வெளியே ஓடி வந்துவிட்டதாம். மேஸ்திரி மட்டும் உள்ளே நின்று, "இருக்கட்டும்ப்பா, அதுக்கும் வெளியில வெயில் தாங்கல" என்று சொல்லியபடி இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தாராம். மேலதிகாரி கத்தினால், மழை பெய்கிறது, எப்படியும் நிற்கும் என்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார். ஆனால் தான் செய்த வில்லை ஒருவர் கையில் எடுத்தால் போதும், அவர் உதடு உலர்ந்துவிடும். இழுத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். விட்ட பிறகும் உடனே திறக்க மாட்டார். "ஆச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்று இரண்டு பேர் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் நம்ப மாட்டார்.

எங்கள் ஆபீஸ் நாடகத்துக்கு வில் கேட்டு நான் முதன்முதலாக அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அவர் வீட்டுக்குள் இல்லை. பின்பக்கம், சாத்தியிருந்த ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக ஒரு கயிறு வெளியே வந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதைவிட நூறு மடங்கு மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை அசைத்துப் பேசாதே என்றார். நானும் மூச்சைப் பிடித்தபடி நின்றேன். எதற்கு என்று தெரியாமலே பயமாக இருந்தது. அவருடைய மனைவி சமையலறை வாசலில் ஒரு கையில் கரண்டியோடு உறைந்து நின்றிருந்தார். அந்த வீட்டில் அது வழக்கம் என்று பிறகு தெரிந்தது.

உள்ளே சுவரில் ஒரு முளை அடித்து அதில் வில்லை மாட்டியிருந்தார். நாணில் கட்டிய கயிறு தரையில் ஓர் உருளையைச் சுற்றி ஜன்னல் வழியாக வெளியே வருகிறது. இழுக்கும்போது அறையில் யாரும் இருக்கக்கூடாது. பார்க்கவும் கூடாது. கேட்கத்தான் வேண்டும். உடையப் போகிற வில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லும் என்பது அவர் கட்சி.

அன்றைக்கு உள்ளேயிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. மேஸ்திரி கயிற்றை விடாமல் அப்படியே நின்றார். பிறகு, தூங்குகிறவர் கையிலிருந்து சாமானை எடுப்பது போல, மெள்ள மெள்ளத் தளர்த்தினார். உள்ளே போய் வில்லைக் கழற்றி வந்து அடுப்படியில் வைத்தார். மூன்று வார வேலை. அவர் மனைவி அதை வெந்நீர் அடுப்பில் செருகினார்.

"பல்லியாக இருக்கலாமே மேஸ்திரி, சுவரில் இரண்டு இருக்கின்றனவே" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கலாம் சார்" என்றார். "பல்லியாவும் இருக்கலாம், வில்லாவும் இருக்கலாம். பல்லிய நம்பி ஒருத்தர் மூஞ்சிக்கு முன்னாடி இத எப்படி சார் கொடுக்கறது?"

அவருக்கு வில்லைவிட அதிகப் பயம் அரத்தின் மேல். இரும்பு ராவுகிற கோடு போட்ட அரம் இல்லை, மரம் ராவுகிற அரம். ஆரஞ்சுப் பழத் தோலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தது போல முகம் முழுக்கத் தனித்தனிப் பல்லாக நிற்கும். அவரிடம் அப்படி ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒன்றோடொன்று உரசினால் பல் முனை மழுங்கும் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். அவருடைய காரணம் வேறு. உரசினால் சில பல் மழுங்கும், சில பல் மழுங்காமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டிய பல்தான் அவருடைய எதிரி.

பெரிய கடைவீதியில் ஓர் இரும்புக் கடைக்காரர், மேஸ்திரி தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே சாப்பிடப் போய்விடுவார். அந்தச் சமயம் காலை ஒன்பது மணியாக இருந்தாலும் சரி. நானும் ஒருநாள் கூடப் போய், அந்தக் கடைக்காரர் நிலையை உணர்ந்தேன். மேஸ்திரி அரங்களை ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலுக்கு எதிரே சாய்த்து, ஒற்றைக் கண்ணால் நுனி வரை பார்த்தார். பல் வரிசை வரிசையாக நின்றதை எல்லாம் உடனே ஒதுக்கினார். வரிசையில் நிற்கும் பல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் போய் மரத்தை உழுதுவிடும் என்றார். பல் ஒழுங்கில்லாமல், சந்தைக் கூட்டம் போல நிற்க வேண்டும். அப்படி அகப்பட்டதை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழுத்தார். அந்த நகத்தைப் பார்த்தால் போதும், அவர் வாழ்க்கையில் எத்தனை அரம் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். கடைசியில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். இனி வில் வேலை தொடங்கும் என்று நினைத்தேன்.

இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கோட்டை ஸ்டேஷன் குதிரை வண்டி நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு பாய், குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். லாடம் வைப்பதற்கு முன் குளம்பை ராவிச் சமமாக்க அவருக்கும் இதே மாதிரி அரம்தான் வேண்டும். புது அரம் இரண்டையும் பாயிடம் கொடுத்துவிட்டு, அவர் எட்டு மாதம் குளம்பில் ஓட்டித் தேய்த்த பழைய அரங்கள் இரண்டை மேஸ்திரி வாங்கிக்கொண்டார்.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சார் கதைய? குதிரைக்குப் புதுப் பல்லு, மேஸ்திரிக்குப் பழைய பல்லு. நான் எத்தனையோ பேர ஏமாத்தப் பாத்திருக்கேன், இப்படி தானா வந்து ஏமாந்தவரு இவரு ஒருத்தர்தான்."

"குதிரைக்கு வலிச்சா அப்பவே உதைக்கும் பாய்" என்றார் மேஸ்திரி. "மரம் உதைக்காது. மனசுல வச்சிருந்து பின்னாடி செய்யும்."

அவர் சொன்ன விதத்தில் பாயின் சிரிப்பு நின்றுபோனது. கட்டியிருந்த குதிரையும் காதை நிமிர்த்தியது என்று எழுத ஆசைதான். நான் பார்த்தது பாயின் முகத்தை மட்டும்.

மரம் மனசில் வைத்துக்கொள்வது எப்படி என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். புது அரத்தின் பல் மரத்தில் ஒரு கீறல் போடும். நீங்கள் சின்ன அரத்தால், உப்புத்தாளால், கண்ணாடித் துண்டால் அந்தக் கீறலை மறைத்துவிடலாம். கண்ணுக்குப் போய்விடும். ஆனால் கண் பார்த்தது பாதிதான். பல் அதற்குக் கீழேயும் இறங்கி மரத்தின் நரம்பை வெட்டியிருக்கும். வில்லில் நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு, எதிரியைப் பார்க்கிற பக்கம் முதுகு. வயிற்றில் பட்ட கீறலை வில் பொறுத்துக்கொண்டாலும் கொள்ளும். முதுகில் பட்டால், இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடம் இழை இழையாகப் பிரியும். ஒருநாள் மேல் பாதி கையோடு வராது, முகத்துக்கு வரும்.

இதை அவர் பாடமாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து பாலக்கரைக்கு நடந்து போகும்போது, நான் விடாமல் நச்சரித்ததால் சொன்னார். அவர் முகச்சவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பொன்மலையில் சலூன் இல்லையா என்று கேட்டேன். இன்னும் வேகமாக நடந்தார்.

பாலக்கரை சலூனுக்குள் நுழைந்ததும் எனக்குப் பதில் கிடைத்தது. சலூன்காரருக்கு இடது கண் இல்லை. இமை தைத்தது போல மூடியிருந்தது. ஒரு காலத்தில் அவர் நாடகங்களில் ராஜபார்ட் போட்டவர். மேஸ்திரி இளம் வயதில் செய்த வில் ஒன்று மேடையில் அவர் கையில் உடைந்தது. அவசரத்துக்கு, கடையில் வாங்கிய அன்றைக்கே புது அரத்தை ஓட்டிச் செய்த வில் அது. அதிலிருந்து வாராவாரம் மேஸ்திரி அவரிடம்தான் முகத்தைக் கொடுக்கிறார்.

கத்தி தோல்வாரில் தீட்டப்படும் சத்தத்தை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மேஸ்திரி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். கழுத்து வெள்ளையாக மேலே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சலூன்காரர் கத்தியைக் காற்றில் நிறுத்தினார். "கண்ணத் தொறங்க மேஸ்திரி. ஒண்ணே ஒண்ண வச்சிருக்கற நானே தொறந்துதான வச்சிருக்கேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வாராவாரம் சொல்வாராம். ஆனாலும் என் கை தானாகப் போய் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. கத்தி ஒரு கீறல்கூடப் போடாமல் இறங்கியது. வெளியே வந்த பிறகு மேஸ்திரி தாடையைத் தடவியபடி, "அவரு கை ஒருநாளும் நடுங்கினதில்ல சார்" என்றார். "இந்த வாரம் நடுங்கும், இந்த வாரம் நடுங்கும்னு இருபத்தெட்டு வருஷமா போறேன்." அவர் அதை எதிர்பார்த்துச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இவ்வளவையும் கேட்டவன், பார்த்தவன், புரிந்துகொண்டவன்தான் நான். படித்தவன் வேறு. அதற்குப் பிறகுதான் முற்றத்தில் உட்கார்ந்து ராவினேன்.

எங்கள் ஹெட்கிளார்க் ஒரு நாடகம் எழுதியிருந்தார். எல்லாப் புராணத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்த புராண நாடகம். எந்தப் புராணம் என்று கேட்டால், "பொதுவா" என்பார். அதில் ஒரு சுயம்வரக் காட்சி. மேலே தொங்கும் மரக்கிளியை அம்பால் அடிக்கிறவனுக்கு இளவரசி. ஆறு ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே வில்லைத் தொட்டுத் தோற்க வேண்டும். ஏழாவதாக நான் வந்து அடிக்க வேண்டும். எனக்கு அந்த வேஷம் கிடைத்ததற்குக் காரணம் வசனம் மனப்பாடமாக இருந்ததுதான். உடம்பைப் பார்த்திருந்தால் கிளி வேஷம் கொடுத்திருப்பார்கள். ஒத்திகையின் முதல் நாளே ஹெட்கிளார்க் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையிலேயே போட்டார். இளவரசர்களுக்குக் கிட்டப் பார்வை, எட்டப் பார்வை எல்லாம் கிடையாதாம்.

கிளி எப்படியும் விழும். அதை ஒரு நூலில் கட்டி, பரணில் உட்கார்ந்த எலெக்ட்ரீஷியன் நூலை விட்டுவிடுவார் என்பது ஏற்பாடு. வில் மட்டும் நிஜம், மேஸ்திரி செய்தது. 'நிஜ வில், நிஜ அம்பு' என்று போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

பழக்கத்துக்காக வில்லை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இழுத்துப் பார்த்தால் நாண் மார்பு வரைகூட வரவில்லை. மேஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் இளக்கிக் கொடுத்திருப்பார். ஆனால் அவரிடம் நான் தினம் முப்பது தண்டால் எடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். முப்பது என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பத்து என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பெரிய கடைவீதியில் அதே கடையில், வரிசை வரிசையாகப் பல் நின்ற பளபளப்பான அரம் ஒன்றை ஒரு நிமிஷத்தில் வாங்கினேன். கடைக்காரர் என்னை வாழ்த்தாத குறை. முற்றத்தில் உட்கார்ந்து மேல் பாதியின் வயிற்றை ராவினேன். முதுகைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியுமே, தொடவில்லை. அரம்தான் தொட்டது. தள்ளும்போது ராவி, திரும்பும்போது தூக்க வேண்டும். நான் கொத்துமல்லித் துவையல் அரைப்பது போல முன்னும் பின்னும் ஓட்டினேன். மூன்று இடத்தில் அது வழுக்கி, ஓரத்தில் முதுகு வரை கடித்துவிட்டது.

என் மனைவி வடாம் உலர்த்த வந்தவள் சற்று நேரம் பார்த்தாள். "என்ன, மாட்டுக்குக் கொம்பு சீவறேளா?" என்றாள். நம்மிடம் மாடு இல்லையே என்றேன். "அதான் கேட்டேன்" என்று போய்விட்டாள்.

உப்புத்தாள், பிறகு ஷூ பாலிஷ். வில் முன்னைவிட அழகாக இருந்தது. இழுத்தேன், மார்பைத் தாண்டி வந்தது. பெருமையாக இருந்தது. இரவு படுத்த பிறகு மேஸ்திரியின் குரல் வந்தது. கண் பார்த்தது பாதிதான். எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுநாள் ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேஸ்திரி மேக்கப் அறைக்கு வந்தார். தன் வில் மேடை ஏறுகிற நாளில் ஃபிளானல் மூட்டையோடு வந்து ஒருமுறை தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். வில்லைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "ஷூ போட்டவங்க யாராச்சும் மிதிச்சுட்டாங்களா சார்?" என்று கேட்டார். அப்பாவியாகத்தான் கேட்டார். நான் கண்ணாடியில் என் கிரீடத்தைச் சரிசெய்தேன்.

பிறகு கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்துக் கீழிருந்து மேலே ஓட்டினார். நகம் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி நகர்ந்து மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது வில்லைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"புது அரமா சார்?"

"ஆமாம்."

"வாங்கி?"

"வியாழக்கிழமை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என் பயம் பாதி குறைந்திருக்கும். அவர் என்னுடைய வலது கண்ணையும் இடது கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். "தண்டால் எடுக்கறேன்னீங்களே சார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

இருவரும் ஹெட்கிளார்க்கிடம் போனோம். நாடகத்தில் அவர் இளவரசியின் தந்தை. ஒரு பக்க மீசை மட்டும் ஒட்டியிருந்தது. வில் இன்றைக்கு வேண்டாம், அட்டை வில் போதும் என்று மேஸ்திரி கெஞ்சினார். ஹெட்கிளார்க், அட்டை வில்லுக்கு இப்போது எங்கே போவது, முன் வரிசையில் பெரிய பெரிய ஆபீசர்கள் போஸ்டரைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். கண் போய்விடும் என்று நான் சொன்னேன். "ஆபீஸ்ல மட்டும் என்னத்தப் பாத்துக் கிழிச்சீங்க" என்று சொல்லி மறு பக்க மீசையை ஒட்டிக்கொண்டார். எனக்குக் கண் போவதைவிட அவர் மேல் பயம் அதிகம். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேஸ்திரி மேடையின் பின்திரைக்குப் பின்னால், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். அரம் கடித்த பள்ளத்தின் அடிவரை சுற்றியுள்ள மரத்தை ராவி இறக்கினால் அந்தக் கடி இருக்காது. மேல் பாதியை இறக்கினால் கீழ்ப் பாதியையும் அதே அளவு இறக்க வேண்டும். சாதாரணமாக அவருக்கு ஒரு மாத வேலை. அன்றைக்கு நான்கு காட்சிகள் இருந்தன.

நான் முதல் காட்சியில் நந்தவனத்தில் இளவரசியைக் கண்டு உருகினேன். திரைக்கு அந்தப் பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம், ஒரு நிறுத்தம், மறுபடி 'கர்ர்'. தள்ளும்போது மட்டும் சத்தம். இளவரசி எங்கள் ரெக்கார்டு ரூம் குமாஸ்தா. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "என்னய்யா சத்தம் அது?" என்றார். "என் கண்ணு" என்றேன். அந்தச் சத்தம் வந்தால் பயம். நின்றால் அதைவிடப் பயம். எந்தக் காட்சியில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு வசனத்தை இரண்டு தடவை பேசியதாகப் பிறகு சொன்னார்கள்.

நான்காம் காட்சி முடிந்து ஓடினேன். மேஸ்திரியின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. வில் முன்பைவிட மெலிந்திருந்தது. மேல் பாதியில் ஓர் இடத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றி, வஜ்ஜிரம் என்கிற தச்சர் பசையைக் காய்ச்சித் தடவியிருந்தார். பளபளவென்று ஈரமாக இருந்தது.

"ரெண்டு கடி போயிடுச்சு சார். மூணாவது போகல. இன்னும் எறக்கினா வில்லே இருக்காது. கட்டு போட்டிருக்கேன். வஜ்ஜிரம் காய ஒரு ராத்திரி வேணும்" என்றார். வெளியே மணி அடித்தார்கள். அவர் அவசரமாகக் காதிலிருந்து பென்சிலை எடுத்து அம்பில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு வில்லுக்கு வர்ற வரைக்கும் இழுங்க. அதுக்கு மேல ஒரு நெல்லு அளவுகூட வேணாம். சேசுவே, ஒரு நெல்லு அளவுகூட வேணாம் சார்."

ஆறு ராஜாக்களையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐந்து பேர் வில்லைத் தொட்டதும் தோற்றார்கள். மூன்றாவது ராஜா டெஸ்பாட்ச் கிளார்க், நல்ல தேகம். ஒத்திகையிலேயே தோற்பது அவருக்குப் பிடிக்காது. நாணைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். வில் முனகியது. பின்திரை அசைந்ததை நான் மட்டும் கவனித்தேன். யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் முறை. வில்லை எடுத்தேன். வஜ்ஜிரம் விரலில் ஒட்டியது. அம்பைத் தொடுத்தேன். சபையில் சத்தம் அடங்கியது. இழுக்கத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது. என் மூக்குக் கண்ணாடி மேக்கப் அறையில் சட்டைப் பையில் இருக்கிறது. பென்சில் கோடு எங்கே என்று தெரியவில்லை. அம்பே ஒரு மங்கலான நிழல். கோடு இன்னும் வரவில்லையா, வந்து தாண்டிவிட்டதா? மேலே இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. விட்டால் அடிக்கும் என்று தோன்றியது. என் முழங்கை ஆட, கிரீடம் ஆட, நான் பக்கவாட்டில் இருட்டைப் பார்த்து, உதட்டை அசைக்காமல், "தெரியலை" என்றேன்.

பின்திரை விலகியது. மேஸ்திரி மேடைக்கு வந்தார். காக்கி நிஜார், முழங்கால் வரை மரத்தூள். ஆறு ராஜாக்களையும் இளவரசியின் தந்தையையும் தாண்டி, நேராக வந்து என் வலது தோளோரம் நின்றார். அம்பைப் பார்ப்பதற்காகத் தன் முகத்தை என் முகத்துக்கும் வில்லின் மேல் பாதிக்கும் நடுவே நீட்டினார். அவருடைய மூச்சு என் கையில் பட்டது. கோடு இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அவர் கண் தெரிந்தது. திறந்திருந்தது. இமைக்கவே இல்லை.

"இன்னும் ஒரு நூலு" என்றார். "இன்னும். போதும். நில்லுங்க. விடுங்க சார்."

விட்டேன். அம்பு ஏழெட்டு அடி போய், நான்காவது ராஜாவின் மடியில் ஓய்வாக விழுந்தது. எலெக்ட்ரீஷியன் அதற்குள் பொறுமை இழந்து கிளியை விட்டிருந்தார். கிளி விழுந்து, பிறகு அம்பு கிளம்பியது. சபை கை தட்டியது. மேஸ்திரி அப்படியே நின்று, "ஆச்சா?" என்று கேட்டார். நான் ஆச்சு என்றேன். அவர் நம்பவில்லை. மாலையோடு வந்த இளவரசியும் ஆச்சு என்றார். அதன் பிறகுதான் அவர் என் கையிலிருந்து வில்லை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரைக்குப் பின்னால் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் பொன்மலைக்குப் போனேன். வஜ்ஜிரம் நன்றாகக் காய்ந்த பிறகு, அந்த வில்லை முளையில் மாட்டி, ஜன்னலுக்கு வெளியே நின்று இழுத்துப் பார்த்ததாகச் சொன்னார். உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். இரண்டு துண்டு. நூல் கட்டை அறுத்துக்கொண்டு மூன்றாவது கடியில் பிளந்திருந்தது. மேல் துண்டு எதிர்ச் சுவரில் காரையைப் பெயர்த்திருந்தது. கோட்டுக்கு மேல் எவ்வளவு இழுத்தீர்கள் என்று கேட்டேன். விரல் நகத்தின் நுனியைக் காட்டினார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அரத்த மட்டும் எங்கிட்ட கொடுத்துடுங்க சார், பாய்கிட்ட போட்டு வைக்கிறேன்" என்றார்.

அன்று ஸ்ரீரங்கம் திரும்பியதும் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. என் மாமனார் நாடகம் பார்க்க வந்தவர் இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார். கடி, வஜ்ஜிரம், கோடு, பிளந்த துண்டு, சுவரில் காரை எல்லாவற்றையும் இடம் விட்டு, நிறுத்தி, கண்ணில் கைவைத்துக் காட்டிச் சொன்னேன். உங்கள் பெண் ஒற்றைக் கண்ணனோடு குடித்தனம் பண்ண வேண்டியிருந்திருக்கும் என்று முடித்தேன். மாமனார் வாயில் போட்ட சீவலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். "அந்தக் காக்கி நிஜார் ராஜா வந்து நின்னு காரியத்தை முடிச்சுக் கொடுத்தாரே, நியாயமா மாலையை அவருக்குன்னா போட்டிருக்கணும்? உமக்கு எதுக்குப் போட்டா?"